எதிர்ச் சுவரின் வெக்கை

இரவெல்லாம் அடுப்பின் வாயில் நின்றுவிட்டு வருகிறவள், பகலிலும் இன்னோர் அடுப்புக்குள் போய்ப் படுக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ரொட்டியக்காவுக்கு வந்தது. கொஞ்சநஞ்சமாக வரவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய பேக்கரியில். ஊர் தூங்கப் போகிற நேரத்தில் அவள் வேலைக்குக் கிளம்புவாள். ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் திரும்பி வருவாள். தட்டுத் தட்டாக மாவை உள்ளே தள்ளுவதும், ரொட்டியாக வெளியே இழுப்பதும்தான் வேலை. தலைமுடியிலும் கைப்பையிலும் எப்போதும் ரொட்டி வாசம் அடித்ததால் தெருவில் எல்லோருக்கும் அவள் ரொட்டியக்கா. கணவர் டவுன் பஸ் டிரைவர், பகல் வேலை. இவள் வருகிறபோது அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார். அவர் வருகிறபோது இவள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். ஒரே மகளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். புருஷன் பெண்டாட்டி இருவரும் பாதி நாள் வாசற்படியில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு மேல் மொட்டைமாடி. படுக்கையறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். வெயில் எட்டிப் பார்க்காத அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று மட்டும் வரும். பகலில் தூங்குகிறவளுக்கு அது போதும்.

அந்தக் கோடை தொடங்குகிற சமயம் பக்கத்துக் கட்டடத்து மூன்றாவது மாடிக்குப் புதிதாக யாரோ குடிவந்தார்கள். வந்த வாரமே அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி ஒன்று முளைத்தது. அது ஓயாமல் ஓடியது. அதன் விசிறி ஊதிய அனல் முழுவதும் இடுக்கில் போக வழியில்லாமல் நேராக இவள் படுக்கைக்கு வந்தது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் அனல். தலையணையைத் திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் சூடாக இருந்தது. ஈரத்துண்டை மேலே போர்த்திக்கொண்டு படுத்துப் பார்த்தாள். கூடத்தில் படுத்தால் மத்தியான வெயில் கூரை வழியாக இறங்கியது. எங்கே படுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண் அயரவில்லை.

ஒரு நாள் வேலையில் நின்றபடியே கண் சொக்கிவிட்டது. ஓர் அடுப்பு நிறைய ரொட்டி கரிந்து போனது. மேற்பார்வையாளர் ஒன்றும் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாக்கா? வேணும்னா பேக்கிங் பக்கம் மாத்திவிடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அந்த இரக்கம்தான் அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கையில் ஒரு தட்டு கரிந்ததில்லை.

காலையில் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரிடம் சொன்னாள். "இன்னைக்கு அந்த வீட்டுக்குப் போகப் போறேன்."

"போ. ஆனா சண்டை வேணாம். பக்கத்து பக்கத்துல இருக்கிறவங்க" என்றார் டிரைவர்.

"அப்ப நீங்க போய் நல்லபடியா பேசிட்டு வாங்க."

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவர் நழுவிவிட்டார். பஸ்ஸில் யார் கத்தினாலும் வாங்கிக்கொள்கிற மனிதர், பஸ்ஸுக்கு வெளியே ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார்.

கை நீட்டினால் தொடுகிற வீடுதான். ஆனால் போவதற்கு மூன்று மாடி இறங்கி, தெருவைச் சுற்றி, அந்தக் கட்டடத்து லிப்டில் ஏற வேண்டும். அவ்வளவு தூரமும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கூர்தீட்டிக்கொண்டே போனாள். கதவைத் திறந்தது ஒரு மெலிந்த பெண். மருந்துக்கடையில் போடுகிற நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

"ஏம்மா, உங்க வீட்டுச் சூட்டைக் கொட்டறதுக்கு என் ஜன்னல்தான் கிடைச்சுதா? நீங்க குளிர்ல இருக்கிறதுக்கு நாங்க வேகணுமா?" என்று ஆரம்பித்தாள் ரொட்டியக்கா. "நான் ராத்திரி வேலைக்குப் போறவ. பகல்லதான் தூங்கணும். ஒரு நிமிஷமாவது அந்த மெஷினை நிறுத்தறீங்களா நீங்க?"

"சத்தம் போடாதீங்க. உள்ள படுத்திருக்கார்" என்றாள் அந்தப் பெண், கதவை விடாமல்.

"ஜம்முனு படுத்திருக்காரா? நானும் படுக்கணும்னுதான் வந்திருக்கேன்."

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "அவங்க சொல்றது நியாயம்தான். உள்ள கூப்பிடு."

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு விலகி வழிவிட்டாள்.

அறைக்குள் கால் வைத்ததும் ரொட்டியக்காவின் வேர்வை சில்லென்று உறைந்தது. கட்டிலில் முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஒருவர் தலையணையில் சாய்ந்திருந்தார். அகன்ற தோள், உரம் ஏறிய கைகள். ஆனால் நெஞ்சுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அதற்குள் கால்கள் இருக்கின்றன என்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.

"மன்னிச்சுக்கோங்கக்கா. உங்க வீட்டுக்கு நான் என்ன அனுப்பிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். நானே ஏசி மெக்கானிக்தான்" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வெளிப்பெட்டி மாட்டும்போது சுவர் பேந்துக்கிச்சு. மெஷினும் நானும் ஒண்ணாத்தான் கீழ இறங்கினோம். மெஷினை சரி பண்ணிட்டாங்க."

அவர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அந்த வேடிக்கையை அவர் எத்தனை பேரிடம் சொல்லி அவள் கேட்டிருப்பாளோ.

"நெஞ்சுக்குக் கீழ எனக்கு வேர்க்காதுக்கா. நரம்பு போச்சுல்ல. வேர்த்தாத்தான் உடம்பு சூட்டை வெளிய தள்ளும். எனக்கு உள்ள ஏறின சூடு உள்ளயே நிக்கும்."

ரொட்டியக்கா கொண்டுவந்த சண்டை கையிலேயே நின்றுவிட்டது. கொடுக்கவும் முடியவில்லை, திரும்ப எடுத்துக்கொண்டு போகவும் மனமில்லை. வேர்வையை இத்தனை நாள் திட்டித் தீர்த்தவள் அவள். அடுப்படியில் அது கண்ணில் வழிந்து எரியும்போதெல்லாம் சனியன் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"அப்ப அந்தப் பெட்டியை மட்டும் மொட்டைமாடிக்கு மாத்திட முடியாதா தம்பி?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

மெக்கானிக்கின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "அது வேணாம்க்கா. மாட்டினப்ப ஒருத்தன் தொங்கினதே போதும். கழட்டணும்னா மறுபடி ஒருத்தன் அங்க தொங்கணும். எனக்காக இன்னொருத்தன் சுவர்ல தொங்க வேணாம். வேற எது வேணா சொல்லுங்க, பண்றேன்."

அவர் மனைவி கண்ணாலேயே போதும் என்றாள். ரொட்டியக்கா கிளம்பிவிட்டாள். அன்றும் அவள் தூங்கவில்லை. ஆனால் மெஷின் சத்தம் முந்திய நாள் மாதிரி காதைக் குடையவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது, தன் வீட்டுப் படி ஏறாமல், சூடு ஆறாத ஒரு ரொட்டியோடு அந்த லிப்டில் ஏறினாள். கதவைத் திறந்த மருந்துக்கடைப் பெண்ணின் முகம் இறுகியே இருந்தது. யாரிடமும் எதையும் இனாமாக வாங்கிப் பழகாதவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. "எதுக்கு இதெல்லாம்" என்றாள்.

"கொஞ்சம் கோணிப்போச்சு, கடைக்கு அனுப்ப மாட்டாங்க. தின்னா நேராத்தான் உள்ள போகும்."

அந்தப் பெண்ணின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அப்படித்தான் தினமும் காலையில் இரண்டு நிமிஷம் அந்த வீட்டில் நிற்பது பழக்கமானது. மெக்கானிக் பேச ஆளில்லாமல் கிடந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் முதலில் வந்து போனார்களாம். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கவும், கொஞ்சம் கொஞ்சமாக வருவதை விட்டுவிட்டார்களாம். ரொட்டியக்காவிடம் மட்டும் வாய் ஓயவில்லை.

"ஏசி குளிரை உண்டாக்குதுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. அது வெறும் சுமை தூக்கற கூலிக்கா. இங்க இருக்கிற சூட்டைத் தூக்கிட்டுப் போய் வெளிய போடுது. உள்ள சூடு வரவிடாம பாத்துக்கிட்டா அதுக்கும் வேலை கம்மி, உங்க பக்கமும் வெக்கை கம்மி."

"எங்க அடுப்புக்கு நேர் எதிர். நாங்க சூடு வெளிய போயிடாம கதவைச் சாத்துவோம்" என்றாள் ரொட்டியக்கா. "சரி, இந்த அறைக்கு சூடு எங்கேருந்து வருது?"

"தலைக்கு மேல பாருங்க. மொட்டைமாடி. நாள் பூரா மல்லாந்து கிடக்கிறவனுக்குத்தான் தெரியும். சாயங்காலம் ஆச்சுன்னா அந்தத் தளம் இறங்கி வந்து நெஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கும். அப்புறம் இந்த மேற்கு ஜன்னல். உள்ள திரை போட்டு என்ன பிரயோஜனம்? கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். வெளியவே நிறுத்தணும்."

ரிமோட் மனைவியின் பொறுப்பில் இருந்தது. அவள் அதில் வெப்பநிலை எண்ணை அடிமட்டத்திலேயே வைத்திருந்தாள். போன கோடையில், பழைய வீட்டில், அவள் கடையில் இருந்தபோது மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் அவர் உடம்பு அனலாகக் கொதிக்க, யாரைப் பார்த்து என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் உளறிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கண் திறக்கிறவரை அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த எண்ணை யார் ஏற்றச் சொன்னாலும் அவள் ரிமோட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வாள்.

"குறைக்கச் சொன்னா வாங்க, கூட்டச் சொன்னா வராதீங்க" என்று ரொட்டியக்காவிடம் நேரடியாகவே சொல்லிவிட்டாள்.

மெக்கானிக்தான் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீ பயப்படறதுல தப்பில்ல. ஆனா நாளைக்கே கரண்ட் போச்சுன்னா? எண்ணைக் குறைச்சு வச்சா அறை கொஞ்ச நேரம்தான் தாங்கும். கூரை காயாம இருந்தா நீ வீடு வந்து சேர்ற வரைக்கும் தாங்கும்."

அவள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பிறகு, "என்ன வேணும், சொல்லுங்க" என்றாள்.

என்ன வேணும் என்பதற்கு விடை பேக்கரியின் பின்கட்டில் குவிந்து கிடந்தது. காலியான மாவு மூட்டைகள், வெள்ளை வெளேரென்ற சாக்குகள். மூலை உடைந்து எறியப்பட்ட பிளாஸ்டிக் ரொட்டிப் பெட்டிகள். ரொட்டியக்கா மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் தூக்க முடிந்த அளவு கொண்டுவந்தாள். மருந்துக்கடைப் பெண் சாக்குகளைப் பிரித்து, தையல் மெஷினில் ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய விரிப்புகளாக்கினாள். வீட்டின் சொந்தக்காரரைப் போனில் கேட்டதற்கு, "ஓட்டை மட்டும் போடாதீங்க, வேற என்ன வேணா பண்ணிக்கோங்க" என்றார்.

டிரைவருக்கு விடுமுறை வந்த நாளில், விடிந்தும் விடியாமலும் மூவரும் மொட்டைமாடி ஏறினார்கள். அறைக்கு நேர் மேலே ரொட்டிப் பெட்டிகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கி, அதன்மேல் வெள்ளை விரிப்பை இழுத்துக் கட்டினார்கள். வெயில் சாக்கில் விழும். தளத்துக்கும் சாக்குக்கும் நடுவே காற்று புகுந்து ஓடும். கீழே படுத்திருந்த மெக்கானிக் போனில் ஒவ்வொரு முடிச்சையும் விசாரித்தார்.

"ஓரத்துக்கு யாரும் போகலையே?"

"ஓரமே எங்களுக்குத் தெரியலை தம்பி, நடுவுலதான் நிக்கிறோம்" என்றார் டிரைவர். கட்டி முடித்ததும் இடுப்பில் கை வைத்துப் பார்த்து, மனைவியிடம், "என் பஸ்ஸுக்கும் இதே மாதிரி ஒரு தொப்பி தைச்சுக் குடுத்தா புண்ணியமா போகும்" என்றார். அவர்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மேற்கு ஜன்னல் பால்கனிக்குள்தான் திறந்தது. மேல்தளத்திலிருந்து பால்கனிக் கம்பி வரைக்கும் இன்னொரு விரிப்பைத் தொங்கவிட்டதும் அந்தப் பக்கத்து வெயில் வெளியிலேயே நின்றது. யாரும் எங்கும் தொங்கவில்லையே என்று மெக்கானிக் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். சதா முதுகில் சூடு கக்கிக்கொண்டிருந்த பிரிட்ஜை அறையிலிருந்து கூடத்துக்குத் தள்ளினார்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் எட்டு மணிக்குச் செய்த சமையலை மருந்துக்கடைப் பெண் விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாள். வெளியே குளிர்ந்திருக்கிற நேரம் முழுவதும் ஜன்னல்கள் திறந்திருந்தன. வெயில் ஏற ஆரம்பித்ததும் எல்லாம் சாத்தப்பட்டன. தலைக்கு மேல் மின்விசிறி மெல்லச் சுழன்றது. ரிமோட்டின் எண்ணை அவள் நாளுக்கு ஒன்றாக ஏற்றினாள். ஏற்றிவிட்டு ஒவ்வொரு தடவையும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முன்பு ஓயாமல் ஓடிய வெளிப்பெட்டி இப்போது நின்று நின்று ஓடியது. மிஞ்சிய சாக்குகள் ரொட்டியக்காவின் மொட்டைமாடிக்கும் ஏறின. அவளுடைய அறை குளுகுளு என்று ஆகிவிடவில்லை; பெட்டி ஓடும்போது அனல் வரத்தான் செய்தது. ஆனால் அது நிற்கிற இடைவெளியில் அவள் தூங்கப் பழகிக்கொண்டாள். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்தோடேயே தூங்கவும் பழகிவிட்டாள்.

கோடையின் உச்சத்தில் ஒரு நாள், மத்தியானம், அவளுக்குத் திடீரென்று விழிப்பு வந்தது. ஏன் என்று முதலில் புரியவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி நின்றிருந்தது. எதிர்ச் சுவரில் பெட்டியும் மூச்சுவிடவில்லை. தெருக்கோடியில் யாரோ, "டிரான்ஸ்பார்மர் போயிடுச்சு, புகை வருது" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

எழுந்து ஜன்னலில் முகத்தை வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "தம்பி, கேக்குதா?"

சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "கேக்குதுக்கா. ஒண்ணுமில்ல, வந்துடும். நீங்க தூங்குங்க."

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

"ராஜா மாதிரி இருக்கேன்."

அவள் நம்பவில்லை. மருந்துக்கடைப் பெண் அவளிடம் ஒரு மாற்றுச்சாவி கொடுத்து வைத்திருந்தாள். கொடுக்கும்போது முகத்தைக்கூடப் பார்க்காமல்தான் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, செத்துக் கிடந்த லிப்டைத் தாண்டி மூன்று மாடி ஏறினாள்.

கதவைத் திறந்தால் அறை இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. வெளியே தீயாக எரிந்தது, உள்ளே மேல்தளம் சூட்டை இறக்காமல் இருந்தது. ரொட்டியக்கா கதவைச் சட்டென்று சாத்தி, அடியில் இருந்த இடைவெளியில் ஒரு துணியைச் சுருட்டி வைத்தாள்.

"பாத்தீங்களா, சாக்கு பேசுது" என்றார் மெக்கானிக். மனைவியிடம் போனில் பேசிவிட்டாராம். கடை ஊரின் மறுகோடியில். சிக்னல்கள் அணைந்து வண்டிகள் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவள் பாதித் தூரம் நடந்தே வந்துகொண்டிருக்கிறாள்.

இரண்டு மணி நேரம் அறை தாங்கியது. அவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் அவர் பேச்சு குறைந்தது. முகம் சிவந்தது. தலை வலிக்கிறது என்றார். நெற்றியில் மட்டும் வேர்வை பொடித்திருந்தது. அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். வயிற்றின் மேல் போர்வையை விலக்கித் தொட்டாள். காய்ந்த தோல், சூடு உள்ளேயிருந்து அடித்தது. ரொட்டி வெந்துவிட்டதா என்று விரல் நுனியால் அறிகிற கைக்கு அது போதும்.

"தம்பி, நான் ஒண்ணு செய்யப் போறேன். கூச்சப்படக் கூடாது."

"வேணாம்க்கா. அவ வந்துடுவா."

"அவ வர்ற வரைக்கும் சும்மா இருக்கறதா? என்னை உன் கூடப்பிறந்தவளா நினைச்சுக்கோ" என்றாள். நீங்க என்பது அவள் வாயில் நீ ஆகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

அவர் சட்டையைக் கழற்றினாள். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, துண்டை நனைத்துப் பிழிந்து, நெஞ்சு, வயிறு, கால் என்று எல்லா இடத்திலும் மெல்லிய ஈரம் படியத் துடைத்தாள். பிறகு ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்து விசிற ஆரம்பித்தாள். ஈரம் காயக் காய மறுபடி துடைத்தாள், மறுபடி விசிறினாள்.

"உனக்கு வேர்க்கத் தெரியலைன்னா என்ன, நான் வேர்க்க வைக்கிறேன்" என்றாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். மூடிய இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. அதையும் அவள் அதே துண்டால் துடைத்துவிட்டாள், ஒன்றும் பார்க்காதவள் போல. விசிறிய கை கழன்றுவிடும் போலிருந்தது. கை மாற்றினாள். இரவெல்லாம் தட்டு தள்ளிய அதே கைகள்தான். அவளுடைய வேர்வை மட்டும் யாரும் கேட்காமலே முதுகில் வழிந்தது.

சிறிது நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். முகச் சிவப்பு குறைந்திருந்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"அக்கா, நீங்க உங்க வீட்டுலேருந்து கூப்பிட்டது பக்கத்து அறையிலேருந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. உங்க ஜன்னல் அவ்வளவு கிட்டவா இருக்கு?"

"கிட்டவா? கை நீட்டினா உன் மெஷின் தலையைத் தடவிக் குடுக்கலாம். போன வாரம் புறா கட்டின கூட்டைக்கூட நான்தான் அதுமேலேருந்து எடுத்துப் போட்டேன்."

இந்த வீட்டுக்கு அவரைப் படுக்கையோடு லிப்டில் கொண்டுவந்தார்கள். இறக்கியது முதல் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே இல்லை. பெட்டி என்றால் அவருக்கு அந்தரம்தான், கீழே மூன்று மாடி ஆழம்தான். மனைவியும் சொன்னதில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

"அப்ப உங்க அறைக்குள்ள நின்னே கழட்டலாம்" என்றார் மெதுவாக. "மேலேருந்து கயிறு விட்டுத் தூக்கிடலாம். யாரும் தொங்க வேணாம்."

"முதல்ல நீ சரியாகு. அப்புறம் கழட்டலாம், மாட்டலாம்."

வெயில் தாழ்கிற நேரத்தில் மருந்துக்கடைப் பெண் வந்து சேர்ந்தாள். படியெல்லாம் ஓடி ஏறியிருக்கிறாள். நீலக் கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்று பார்த்தாள். கணவர் ஈரமாக, கண் திறந்து, அவளைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண் அட்டை மூடியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் நேராக வந்து அவர் நெற்றியைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், பாதத்தைத் தொட்டாள். பிறகு ரொட்டியக்காவின் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா" என்றாள். அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இருட்டுகிற நேரத்தில் மின்சாரம் வந்தது. மெக்கானிக் மனைவியிடம் போனைக் கேட்டார். கூட வேலை பார்த்த பழைய நண்பனின் எண்ணைத் தேடி எடுத்தார். அந்தப் பக்கம் எடுத்தவன், "அண்ணே, நீங்களா?" என்று கத்தியது அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

டிரைவருக்கு அடுத்த விடுமுறை வந்ததும் அந்த நண்பனும் கூட வேலை பார்த்த இன்னொருவனும் வந்தார்கள். ரொட்டியக்கா கட்டிலைச் சுவரோரம் தள்ளி, ஜன்னல் கம்பிச் சட்டத்தை டிரைவரை விட்டுக் கழற்றி வைத்திருந்தாள். ஒருவன் மொட்டைமாடியில் கயிறும் கப்பியுமாக நின்றான். இன்னொருவன் அவள் அறைக்குள், ஜன்னலோரம். அவன் போனை ரொட்டியக்கா பிடித்துக்கொண்டாள், அந்தப் பக்கம் மெக்கானிக் பார்க்கும்படி.

"இடுப்புல கயிறு கட்டு" என்றார் மெக்கானிக்.

"ரூமுக்குள்ள நிக்கிறவனுக்கு எதுக்குண்ணே கயிறு?"

"கட்டுடா."

அவன் கட்டிக்கொண்டான். மறுமுனையைக் கட்டில் காலில் சுற்றி, டிரைவர் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார், எடைக்கு. ஒவ்வொரு போல்ட்டும் கழன்றபோது போனில் மெக்கானிக்கின் மூச்சு கேட்டது. போனில் அவர் படம் ஆடியது. போனைப் பிடித்திருந்த அவர் கையை அவர் மனைவி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது தெரிந்தது. பெட்டி சுவரைவிட்டு விலகி, கயிற்றில் ஒரு தடவை சுழன்று, மெதுவாக மேலே போனது.

"ஏறிடுச்சுண்ணே. கை கால் எல்லாம் பத்திரமா இருக்கு, எண்ணிப் பாத்துக்கோங்க" என்றான் நண்பன். "மேல நிழல்ல வைங்கடா. பின்னாடி காத்து போக இடம் விடுங்க" என்று மெக்கானிக் வேலை வாங்குகிற குரலில் சொன்னார்.

வேலை முடிந்ததும் அந்த இருவரும் அவர் அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகும் சிரிப்புச் சத்தம் இடுக்கு வழியாக இந்தப் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தார்கள். சில சமயம் புரியாத ரிப்பேர் எதையாவது போனில் காட்டிக் கேட்டார்கள். அவரும் வேண்டுமென்றே கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

பெட்டி மேலே போனதற்கு மறுநாள், ரொட்டியக்கா வேலையிலிருந்து வந்து படுத்தாள். ஜன்னல் திறந்திருந்தது. எப்போதோ வந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்சம் காற்று மறுபடி வந்தது. டிரைவர் இரவில் வீடு திரும்பியபோது அவள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று கதவுப் பக்கம் வந்தார், திரும்பிப் போனார். மறுபடியும் வந்தார். கடைசியில் பேக்கரிக்குத் தானே போன் செய்தார். மேற்பார்வையாளர் எடுத்தார்.

"உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தூங்கறா" என்றார் டிரைவர். "கொஞ்சம் லேட்டா வருவா."